ஏழு வாசலும் ஆளுக்கொரு அபிப்பிராயமும்

எண்பத்தைந்தாம் ஆண்டு என் பெரியம்மாவின் மகன் தன் தங்கையின் கல்யாணத்துக்காக லண்டனிலிருந்து வந்தார். வரும்போது பயணப் பெட்டிக்குள் சட்டை துணிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கொம்பியூட்டரைச் சுற்றி வைத்துக் கொண்டுவந்தார். நாங்கள் அவரை லண்டன் அண்ணை என்போம். பள்ளிக்கூடச் சிலேற்றை விடக் கொஞ்சம் பெரிதான கறுப்புப் பெட்டி அது. அழிறப்பர் போல மெத்தென்ற எழுத்துக்கட்டைகள். ரி.வி.யின் அன்ரெனா வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருக வேண்டும். விளையாட்டுகள் பாட்டுக் கசற்றில் இருந்தன. ரேப் ரெக்கோடரில் கசற்றைப் போட்டு ஓடவிட்டால், கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். அது முடியும்வரை பொறுத்திருந்தால் திரையில் விளையாட்டு வரும்.

"ஆரோ தகரத்தைப் பிறாண்டுற மாதிரிக் கிடக்கு. கதவைச் சாத்திப்போட்டுச் செய்யுங்கோ," என்று அம்மா குசினியிலிருந்து சத்தம் போடுவா.

கல்யாணம் முடிந்து திரும்பிப் போகும்போது லண்டன் அண்ணை அந்தப் பெட்டியை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். கூடவே நாலைந்து கசற்றுகள். விமானம் சுடுவது ஒன்று, கார் ஓட்டுவது ஒன்று, இப்படி. கடைசியாக ஒன்றை எடுத்து, தருவதா விடுவதா என்று யோசித்தவர் போல் நின்றார்.

"இதை அங்கை ஒருத்தரும் சீண்டுறேல்லை. புத்தகங்களிலை கிழிச்சுத் தொங்கவிட்டவங்கள். கடையிலை கூடைக்குள்ளை குவிச்சுப் போட்டிருந்தாங்கள். வேணுமெண்டால் வைச்சிருங்கோ, மேலை பாட்டுப் பதியவாவது உதவும்."

அந்தக் கசற்றில் நாங்கள் பாட்டுப் பதியவில்லை. பத்து வருஷம் எங்களைக் கட்டிப்போட்டது அதுதான்.

அப்போது எங்கள் இணுவில் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். ஐயா தோட்டம் செய்தார், வெங்காயமும் புகையிலையும். அம்மா. என் கூடப்பிறந்த அண்ணை மானிப்பாயில் ஒரு றேடியோ திருத்தும் கடையில் வேலை. நான் ஏ.எல். சோதனை எடுத்துவிட்டுக் கம்பஸ் அனுமதிக்காகக் காத்திருந்தேன். ஐந்தாவது ஆள், முன்னறையில் வாடகைக்கு இருந்த மிஸி. மீசாலைப் பக்கத்து ஆள். மானிப்பாய் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை கிடைத்ததால் எங்கள் வீட்டில் தங்கியிருந்தா. வாடகைக்கு இருப்பவர் என்ற பேச்சு முதல் மாதத்தோடு போய்விட்டது. அம்மா அவவுக்கும் சேர்த்துத்தான் புட்டு அவிப்பா.

விமானக் கசற்றின் நாடா ஒருநாள் சிக்கி அறுந்தது. அண்ணை அதை ஒட்டிக்கொண்டிருந்தபோது, மிஸி சும்மா இருக்க மாட்டாமல் சொன்னா:

"உந்த ஒருத்தரும் சீண்டாததைப் போட்டுத்தான் பாருமன்."

போட்டோம். கறுப்பு வெள்ளைத் திரையில் ஒரு மதில் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் கதை. மேலே நாடு வறண்டு போயிற்று. நிலத்துக்கு அடியில் ஒரு பழைய நகரம். அதற்கு ஏழு வாசல்கள். ஏழாவது வாசலுக்கு அப்பால் ஒரு கிணறு. நாலு பேர் போய் அந்தத் தண்ணீரை எடுத்து வர வேண்டும். விளையாட்டின் ஆங்கிலப் பெயர் நீளமானது, எங்கள் வாய்க்குள் அடங்கவில்லை. நாங்கள் ஏழு வாசல் என்றே சொன்னோம்.

ஐயா வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டுச் சொன்ன அபிப்பிராயம் இன்னும் நினைவிருக்கிறது. "கீழை அவ்வளவு தூரம் போற நேரத்துக்கு மேலை ரெண்டு முழம் ஆழமா வெட்டினால் தண்ணி வந்திருக்குமே. உந்தச் சனத்துக்குக் கிணறு வெட்டத் தெரியாதோ?"

அதுதான் ஏழு வாசலுக்கு எங்கள் ஊரில் கிடைத்த முதல் விமர்சனம்.

நாலு பேர் வேண்டும் என்று விளையாட்டு கேட்டது. ஒரு வாள்வீரன், ஒரு மந்திரவாதி, ஒரு வைத்தியர், ஒரு கள்ளன். வாளை அண்ணை எடுத்துக்கொண்டான். மிஸி கேட்காமலே வைத்தியரானா. எனக்கு மந்திரம். கள்ளனுக்கு ஆள் இல்லை. அடுத்த சனிக்கிழமை என் சிநேகிதி வந்தபோது அந்த இடமும் நிரம்பியது. அவளும் நானும் ஒன்றாக ஏ.எல். படித்தவர்கள். யாழ்ப்பாணம் ரவுணில் சோனகதெருவில் அவளுடைய வீடு. வாப்பாவுக்குப் பெரியகடையில் இரும்புக்கடை.

"வாப்பாவுக்குத் தெரிஞ்சால், நான் இணுவிலுக்கு வந்து களவெடுக்கப் பழகுறன் எண்டெல்லோ சொல்லுவார்," என்று சிரித்துக்கொண்டே கள்ளனானாள்.

பெயர்களைப் பதியச் சொன்னது. எங்கள் சொந்தப் பெயர்களையே அடித்தோம். மிஸியின் பெயர் நீளம் என்பதால் பாதியில் வெட்டிவிட்டது. அந்தப் பாதிப் பெயரைச் சொல்லித்தான் அண்ணை பிறகு அவவைக் கூப்பிடத் தொடங்கினான்.

ஏழு வாசல் மெதுவான விளையாட்டு. மெதுவென்றால், ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக ஆங்கிலத்தில் சொல் அடித்து, திரை படம் கீறி முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாலு பேருக்கும் பசிக்கும். காயம் பட்டவன் உடனே எழும்பி ஓட மாட்டான், நாலைந்து அறைக்கு நொண்டுவான். ஒருவனை மற்றவன் விட்டுவிட்டு ஓடினால் அடுத்த முறை அவன் உதவிக்கு வர மாட்டான். வௌவாலோடு கூடப் பேசலாம். பேசினால் சிலவேளை வழி சொல்லும், சிலவேளை பொய் சொல்லும்.

அண்ணைக்கு இது பிடிக்கவே இல்லை. "இதை எழுதினவன் பாதியிலை நித்திரையாப் போனவன். வாளைக் குடுத்துப்போட்டு வெட்டவும் விடுறானில்லை. எங்கை பார்த்தாலும் கதை, கதை!"

மிஸிக்குக் காயத்தின் கணக்குப் பிடித்தது. "மற்றதுகளிலை செத்தவன் அடுத்த நிமிஷம் எழும்பி நிக்கிறான். இதிலைதான் ஒரு காயத்துக்கு மரியாதை இருக்கு. ஆனால் மருந்து கட்டுற வடிவைப் பார். பச்சிலையைக் கழுவாமல் அப்பிடியே வைக்கிறான்."

என் சிநேகிதிக்குப் பேச்சுத்தான் உயிர். சண்டை வரும் இடமெல்லாம் முதலில் பேசிப் பார்ப்பாள். அண்ணை வாளை உருவச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்க, அவள் ஒரு பாம்போடு சுகம் விசாரித்துக்கொண்டிருப்பாள். எனக்கு அந்த நகரத்தின் வழிகள் பிடித்தன. பழைய கலண்டர் தாள்களின் பின்புறத்தில் அறை அறையாகக் கீறி, பசை போட்டு ஒட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச நாளில் அது கட்டிலை மூடும் அளவுக்கு வளர்ந்தது.

மூன்றாம் வாசலில் மாட்டிக்கொண்டோம். அங்கே ஒரு காவலன் நின்றான், வேலும் கையுமாக, வாசல் உயரத்துக்கு. வெட்டினால் ஒரே அடியில் நாலு பேரையும் முடித்தான். என் மந்திரம் அவன் மேல் பட்டு அணைந்தது. கள்ளன் பதுங்கிப் போனால் பிடித்தான். என் சிநேகிதி பேசிப் பார்த்தாள். அவன் ஒரே மறுமொழிதான் சொன்னான்: இப்போது இல்லை.

"இப்ப இல்லையெண்டால், பிறகு எப்ப எண்டெல்லோ கேக்கோணும்?" என்றாள் அவள்.

"உவன் எல்லாருக்கும் உதைத்தான் சொல்லுவான். அரசாங்கக் கந்தோரிலை சொல்லுற மாதிரி," என்றான் அண்ணை.

அந்த நாட்களில் ரவுணில் ஒரு ரியூட்டரி கொம்பியூட்டர் வகுப்புத் தொடங்கியிருந்தது. அங்கேயும் இதே கசற் இருக்கிறது என்று சிநேகிதி எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு சனிக்கிழமை நாங்கள் நாலு பேரும் பஸ் ஏறிப் போனோம். படிப்பித்த இளைஞருக்கு எங்கள் அண்ணையின் வயதுதான் இருக்கும், தடித்த கண்ணாடி. பெடியள் அவரைச் சேர் என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

அங்கே கலர் ரி.வி. இருந்தது. ஏழு வாசலை நாங்கள் நிறத்தில் பார்த்தது அன்றுதான். மதில் ஊதா. காவலன் வாழையிலைப் பச்சை. மிஸியின் வைத்தியர் இவ்வளவு நாளும் வெள்ளை உடுப்பில் போகிறார் என்று நினைத்திருந்தோம். மஞ்சளில் நின்றார்.

"சீ, காமாலைக்காரன் மாதிரி," என்று மிஸி முகத்தைச் சுளித்தா.

வகுப்புப் பெடியள் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். ஏழு வாசலா என்று ஒருவன் சிரித்தான். படங்கள் நல்லம் என்றான் இன்னொருவன், ஆனால் வாசிக்க ஏலாது என்றான். மூன்றாமவனுக்குச் சத்தம் போதாது. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"இது கேம் இல்லை. கதைப் புத்தகத்தைப் பிச்சுப் பிச்சுக் குடுக்கிறான். மூண்டாம் வாசல் திறக்காது. நான் எல்லாம் செய்து பார்த்திட்டன். புறோகிராம் பிழை. அந்த வாசலுக்கு அங்காலை ஒண்டும் எழுதியே இருக்க மாட்டான்."

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். எங்களில் ஏழு வாசலை அதிகம் திட்டியவன் அவன். ஆகவே அவனுக்கு இது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். கொக்குவிலுக்கு வந்தபோது வாயைத் திறந்தான்.

"அவர் ஆர் உதைச் சொல்ல? நாங்கள் பேசலாம். நாங்கள் இருந்து விளையாடுறம். அவர் மூண்டாம் வாசலிலை நிண்டு திரும்பினவர்தானே?"

"நீயும் அங்கைதானே நிக்கிறாய்," என்றா மிஸி.

"நான் திரும்பேல்லையே."

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாலு பேரும் காவலனுக்கு முன்னால் நின்றுகொண்டு சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம், காவலனோடு அல்ல, எங்களுக்குள். அண்ணைக்கு வெட்ட வேண்டும், சிநேகிதிக்குப் பேச வேண்டும். அந்த நேரம் வடக்குப் பக்கமாக ஹெலிகொப்ரரின் சத்தம் கேட்டது. ஐயா தோட்டத்திலிருந்து ஓடி வந்து, "பங்கருக்கை போங்கோ, பங்கருக்கை!" என்று கத்தினார். போட்டது போட்டபடி பின்வளவுக்கு ஓடினோம். தென்னங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட எங்கள் பங்கருக்குள் ஆறு பேரும் குந்தினோம். ஹெலி வட்டமடித்து வட்டமடித்துச் சுட்டது. அம்மா முருகனைக் கூப்பிட்டபடி இருந்தா. என் சிநேகிதி வாய்க்குள் ஓதிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய நகம் பட்ட அடையாளம் பிறகு கன நேரம் என் கையில் இருந்தது.

சத்தம் தூரப் போய், இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்து, ஐயா முதலில் வெளியே போய்ப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் இல்லை. நாலு வீடு தள்ளி ஒரு மாடு செத்துப்போனது. மிஸி காயக்காரர் வருவார்கள் என்று உடுப்பு மாற்றி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டா. சைக்கிளை எடுக்க முன்னறைப் பக்கம் போனவ அங்கிருந்தே கூப்பிட்டா:

"இஞ்சை வாங்கோ எல்லாரும். உவனைக் காணேல்லை!"

கரண்ட் நிற்காமல் இருந்திருக்கிறது. ரி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் வாசலில் காவலன் இல்லை. வாசல் திறந்து கிடந்தது.

ஓடிப்போய் ரி.வி. முன்னால் விழுந்தோம். செத்த மாட்டையும் ஹெலியையும் அந்த ஒரு நிமிஷம் மறந்துபோனோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அண்ணை சொல்லை அடித்தான். நாலு பேரும் வாசலைக் கடந்தோம். அந்தப் பக்கம் ஒரு ஆறு ஓடியது. சேர் ஒன்றும் இருக்காது என்று சொன்ன இடத்தில்.

மிஸி அதைப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை மிதித்தா.

அன்று தொடங்கிய வாதம் பிறகு ஓயவே இல்லை. திரையின் மேல் விளிம்பில் ஒரு சின்ன வட்டம் எப்போதும் நகர்ந்துகொண்டிருக்கும், நாங்கள் அலங்காரம் என்று விட்டிருந்தோம். அது அந்த நகரத்தின் பொழுது, காவலனுக்கு வேலை முடிகிற நேரம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் அவன் இப்போது இல்லை என்று சொன்னான் என்றாள் என் சிநேகிதி. "எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்கிறான் பார். வெட்டுறவனுக்கும் இல்லை, மந்திரக்காரிக்கும் இல்லை. பொறுத்திருக்கிறவனுக்கு வாசல்."

"பொறுத்திருந்தது நாங்களோ? பயத்திலை ஓடினனாங்கள்," என்றான் அண்ணை. "எழுதினவன் அவனை அழிக்க மறந்து, அவன் தானா அழிஞ்சு போயிருக்கிறான். பிழைதான். ஆனால் வடிவான பிழை."

சேரிடம் போய்ச் சொன்னோம். நம்பவில்லை. செய்து காட்டுங்கள் என்றார். வகுப்பு முடிந்த பின்னேரம் கலர் ரி.வி. முன்னால் உட்கார்ந்து, பச்சைக் காவலனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். அதைவிடச் சங்கடமான வேலையை நான் செய்ததில்லை. பெடியள் முதலில் பகிடி விட்டார்கள், பிறகு கொட்டாவி விட்டார்கள், பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒவ்வொருவராகக் கழன்றார்கள். எங்களோடு கடைசிவரை இருந்தவர் சேர் மட்டும். காவலன் கையிலிருந்த வேலைத் தோளில் சாத்திக்கொண்டு திரும்பி நடந்து போனபோது அவர் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டார்.

என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தோம்.

"சரி, திறந்திட்டுது. எண்டாலும் நல்ல கேம் எண்டு சொல்ல மாட்டன். இவ்வளவு நேரம் ஆர் இருப்பினம்?"

"நீங்கள் இருந்தனீங்கள்தானே, சேர்," என்றாள் என் சிநேகிதி.

அடுத்த ஞாயிறு அவர் சைக்கிளில் இணுவிலுக்கு வந்து நின்றார். பாடம் சம்பந்தமாக வந்ததாகச் சொன்னார். எந்தப் பாடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா தேத்தண்ணி போட்டா.

இந்திய ஆமியோடு நடந்த எண்பத்தேழு ஐப்பசிச் சண்டையில் நாங்கள் கந்தசுவாமி கோயிலில் போய் இருந்தோம். அண்ணை கொம்பியூட்டரை அரிசிச் சாக்குக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். திரும்பி வந்தபோது ரி.வி.யும் தப்பியிருந்தது. நான் கம்பஸ் போய் வந்துகொண்டிருந்தேன், மற்றவர்களுக்கும் வேலை. மாதத்தில் ஒன்றிரண்டு தடவைதான் எல்லாரும் சேர முடியும். அப்படியும் நாலாம் வாசல், ஐந்தாம் வாசல் என்று போனோம். நாலாம் வாசலில் கண்ணாடியால் ஆன ஒரு சந்தை. அங்கே சாமானுக்குப் பதிலாக ஞாபகங்களைத்தான் விற்கலாம், வாங்கலாம். மந்திரக்காரியான நான் என் முதல் மந்திரத்தை விற்று, பூட்டைத் திறக்க ஒரு திறப்பு வாங்கினேன். அதற்குப் பிறகு அந்த மந்திரத்தை அடித்தால், அப்படி ஒன்று எனக்குத் தெரியாது என்று திரையில் வரும். லண்டனில் கூடைக்குள் குவிந்து கிடந்த ஒரு விளையாட்டுக்குள் யாரோ இதை யோசித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருந்தது. அண்ணை கூட அந்தச் சந்தையைத் திட்டவில்லை. எழுத்து சின்னது என்று மட்டும் சொன்னான்.

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கியபோது கரண்ட் நின்றது. இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்றிருந்தோம். வரவில்லை, வருஷக்கணக்காக வரவில்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே பாடு. ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டுத் திரி போட்டுத்தான் வீடுகளில் வெளிச்சம். ரி.வி.யை அம்மா சீலையால் மூடி வைத்தா.

ஒருநாள் பின்னேரம் சிநேகிதி சைக்கிளில் வந்திருந்தாள். நாங்கள் பின்வளவில் மாமரத்துக்குக் கீழே இருந்தோம். ஐந்தாம் வாசலுக்கு அப்பால் என்ன இருக்கும் என்று பேச்சு வந்தது. பேச்சுவாக்கில் மிஸி, "நாங்கள் கடைசியா எங்கை நிண்டனாங்கள்?" என்று கேட்டா.

சைக்கிள் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்த அண்ணை தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "கல்மண்டபம். கிழக்கை படி இறங்குது. மேற்கை கதவு, பூட்டு. உங்கடை கையிலை ரெண்டு பச்சிலை மிச்சம். இவளுக்கு இடது காலிலை காயம். என்ன செய்யிறியள்?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"கிழக்கை போறம்," என்றாள் என் சிநேகிதி.

"படி வழுக்குது. கீழை ஆரோ இருமுற சத்தம் கேக்குது. என்ன செய்யிறியள்?"

அப்படித்தான் கொம்பியூட்டர் இல்லாமல் விளையாடத் தொடங்கினோம். அண்ணைதான் கொம்பியூட்டர். இத்தனை வருஷமும் வாயோயாமல் குறை சொன்னவனுக்கு அந்த நகரம் அறை அறையாகத் தலைக்குள் இருந்தது. எந்த வௌவால் பொய் சொல்லும், எந்தக் கல் அசையும் என்று எல்லாம் தெரிந்து வைத்திருந்தான். தோட்டவேலை முடிந்து இருட்ட முன்னம் ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான். ஐயாவும் சிலவேளை மண்வெட்டியோடு நின்று கேட்டுவிட்டுப் போவார்.

ஐந்தாம் வாசலுக்கு அப்பால் எங்களில் ஒருவரும் போனதில்லை. ஆகவே அண்ணை ஆறாம் வாசலைத் தானே உண்டாக்கினான். அது உப்பு வயல். பகலில் நடக்க முடியாது, கண் கூசும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி போக வேண்டும். முன்னால் போகிறவர் யார் என்பதில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அந்த வாசலுக்குள் இருந்தபோதுதான் ஒரு ஞாயிறு சேர் வந்து, கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"ஆறாம் வாசல் அப்பிடி இல்லை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் பார்த்தனான். கரண்ட் நிக்கிறதுக்கு முதல் மாதம். தனியத்தான் விளையாடினனான்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறாம் வாசலிலை ஒரு கிழவன் இருந்து விடுகதை போடுவான். சரியாச் சொன்னால் திறப்பான். அவ்வளவுதான். அந்த இடம் எனக்குப் பிடிக்கேல்லை. அவனுக்கு அதிலை களைச்சுப் போச்சுது எண்டு நினைக்கிறன்."

நல்ல கேம் இல்லை என்று சொன்ன மனுஷன் யாருக்கும் தெரியாமல் ஆறாம் வாசல்வரை போயிருக்கிறார். பிறகு பெரிய வாக்குவாதம். உண்மையில் இருப்பதைத்தான் விளையாட வேண்டும் என்றார் சேர். விடுகதைக் கிழவனை உப்பு வயலுக்கு நடுவில் ஒரு குடிசையில் வைப்போம் என்றாள் என் சிநேகிதி. மிஸி அண்ணையைக் காட்டி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டா: "எழுதினவன் களைச்ச இடத்திலை தம்பி களைக்கேல்லை. எனக்கு உப்பு வயல்தான் வேணும்."

உப்பு வயல் தங்கியது. ஏழாம் வாசலில் என்ன என்று சேரிடம் கேட்டோம். அதற்குள் கரண்ட் போய்விட்டது என்றார்.

அந்த வருஷம் ஐப்பசி முடிவில் இயக்கத்தார் முஸ்லிம் சனத்தை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறச் சொன்னார்கள். சில மணித்தியாலத்துக்குள் எல்லாரும் போய்விட வேண்டும் என்று. எங்களுக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் சைக்கிளில் சோனகதெருவுக்குப் போனேன். சிநேகிதியின் வீட்டுக் கதவு திறந்தபடி கிடந்தது. கொடியில் தோய்த்துப் போட்ட உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை. வரும் வழி முழுக்க அழுதுகொண்டு வந்தேன். தெருவில் போன ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

கன நாள் நாங்கள் விளையாடவில்லை. மறுபடி தொடங்கிய அன்று அண்ணை வழக்கம்போல ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தான். "வைத்தியர் என்ன செய்யிறார்? மந்திரக்காரி? கள்ளன்..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். சேர் மெதுவாக, வேண்டுமென்றால் தான் கள்ளனாக இருக்கிறேன் என்றார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவரைச் சேர்த்துக்கொண்டோம், ஆனால் பாணனாக. கள்ளனுக்கு மிஸிதான் வழி சொன்னா.

"அவள் எங்களுக்கு முன்னாலை போட்டாள். நாங்கள் போற இடத்திலை ஒரு கதவு திறந்து கிடந்தால், அது அவள் திறந்தது."

அன்றிலிருந்து அண்ணை ஒவ்வொரு நாளும் எங்காவது ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தான்.

கன வருஷத்துக்குப் பிறகு புத்தளத்தில் அவளைச் சந்தித்தபோது இதைச் சொன்னேன். மூன்று பிள்ளைகளின் தாய், ஓலைக் கொட்டிலைக் கல்வீடாக மாற்றிக்கொண்டிருந்தாள். கேட்டுக் கண் கலங்குவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த சீமெந்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, "விசரியளே! கள்ளனைத் தனிய முன்னுக்கு அனுப்பினால் முதலிலை சாகிறது அவன்தானே? கொஞ்சமாவது யோசிச்சியளோ?" என்று ஏசினாள். ஏசி முடித்த பிறகுதான் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில், ஆமி வருகிறது என்று, எங்கள் வலிகாமம் பகுதி முழுக்க எழும்பி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஆள் மேல் ஆள். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது, கொம்பியூட்டரைத் தூக்கப்போன அண்ணையிடம் ஐயா ஒரு அரிசி மூட்டையைக் கொடுத்தார். அண்ணை பெட்டியை மேசையில் திரும்ப வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கினான். அடுத்த நாள் மிஸியின் மீசாலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களைப் போல இன்னும் எத்தனையோ குடும்பங்கள் அந்த வளவுக்குள். சேர் தன் ஆட்களோடு கொடிகாமப் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டோம்.

மழை விடாத அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு ஓடி விளையாட இடமில்லை. மாட்டுக்கொட்டிலுக்குள் அடைந்துகொண்டு ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டிருந்தன. அண்ணை அவர்களுக்கு நடுவில் போய்க் குந்தினான்.

"மேலை நாடு வறண்டுபோச்சுது," என்று தொடங்கினான்.

"பொய்! நல்ல மழை பெய்யுது," என்றாள் ஒரு பெட்டை.

"இது வேறை நாடு. நாலு பேர் வேணும். ஆர் வாறியள்?"

எல்லோரும் வந்தார்கள். கொம்பியூட்டரையோ ரி.வி.யையோ பார்த்த ஞாபகம் அந்தப் பிள்ளைகளில் அரைவாசிக்கு இல்லை. கரண்ட் நின்றபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள். ஆனால் நாலைந்து நாளிலேயே கொட்டில் இரண்டு கட்சியாகிவிட்டது. காவலனைத் திரும்பிப் போக விடுவது மடைத்தனம், அவனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு கட்சி. அவன் அரசாங்க வேலைக்காரன், வர மாட்டான் என்று மற்றது. கண்ணாடிச் சந்தை ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனாலும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வைத்தியர் எப்படி மஞ்சள் உடுப்பில் வரலாம் என்று ஒருத்தி அண்ணையோடு சண்டைக்கே போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் மிஸி நின்று சிரித்தா.

ஏழாம் வாசலுக்கு வந்த அன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. பெரியவர்களும் கொட்டில் வாசலில் கூடிவிட்டார்கள். உண்மையான ஏழாம் வாசலில் என்ன இருக்கிறது என்று அண்ணைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என்ன சொல்லப்போகிறான் என்று நானும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கதவு இல்லை," என்றான் அண்ணை. "வெறும் வளவு. நடுவிலை கிணறு. தண்ணி இறைக்கிற துலா ஒண்டு நிக்குது. பனையோலைப் பட்டை கிடக்குது. கயிறு நனைஞ்சு கிடக்கு, ஆரோ இப்பதான் அள்ளிப்போட்டுப் போயிருக்கினம். என்ன செய்யிறியள்?"

முதல் நாள் பொய் என்று கத்திய அந்தப் பெட்டை, "முதலிலை குடிக்கிறம். களைச்சுப்போனம்," என்றாள். மற்றதுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. குடிக்கக்கூடாது, அது நாட்டுக்குக் கொண்டுபோகிற தண்ணி என்று ஒன்று. கொஞ்சம் குடித்தால் குறைந்தா போய்விடும் என்று இன்னொன்று. அண்ணை குறுக்கே பேசாமல், கையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் ஒரு முடிவுக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.